மாற்று ஈரலும் பித்தக்கானும்: ஒரு வரலாற்று நோக்கு

1963 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் டென்வரில் தோமஸ் ஸ்டார்சல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு ஈரலை மாற்றிப் பொருத்தினார். நோயாளி மூன்று வயதுக் குழந்தை. பிறவியிலேயே பித்தக்கான் அடைபட்டிருந்தது. குருதிப்பெருக்கை நிறுத்த முடியாமல் குழந்தை மேசையிலேயே இறந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோ வைத்தியசாலையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தை ஈரல் மாற்று நடந்தபோதும் நோய் அதுவேதான். காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத் தந்தையே ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். பித்தக்கான் கெட்டவர்களுக்காகத் தேடிய சிகிச்சை, பித்தக்கானிலேயே அதிகம் இடறியது.

ஆரம்ப காலத்தில் சத்திரசிகிச்சையில் பிழைத்தவர்கள் பலரையும் பித்தக் கசிவும் அதைத் தொடர்ந்த கிருமித்தொற்றும் கொண்டுபோயின. 1968இல் கேம்பிரிட்ஜில் ஈரல் மாற்றைத் தொடங்கிய ரோய் கால்ன், 1976இல் தானம் பெற்ற பித்தப்பையையே கொடையாளியின் கானுக்கும் நோயாளியின் கானுக்கும் இடையே பாலமாக வைக்கும் முறையை வெளியிட்டார். புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் அந்தப் பையில் பித்தம் தேங்கிச் சேறாகியது. பின்னர் கானோடு கானை நேராகத் தைத்து, நடுவே 'ரி' வடிவக் குழாய் வைப்பது வழக்கமாயிற்று. அந்தக் குழாயை உருவும்போதே சிலருக்குக் கசிவு தொடங்கியதால் அதுவும் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

இந்தச் சிக்கல்களின் உண்மையான காரணம் தையலில் மட்டும் இல்லை. ஈரலுக்கு நாடி, வாயினாளம் என இரு வழிகளால் குருதி வருகிறது. பித்தக்கானுக்கோ நாடி ஒன்றே கதி. ஆய்வாளர்கள் நோர்தோவரும் டெர்பிளான்ச்சும் 1979இல் காட்டியபடி, கானுக்கான குருதியில் சுமார் 60 வீதம் கீழிருந்து மேலேறுகிறது. ஈரலை வெட்டி எடுக்கும்போது அந்தக் கீழ்வழி அறுந்துவிடுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள கைகள் கானைச் சுற்றியுள்ள இழையத்தைச் சுரண்டுவதில்லை; வெட்டுமுனையில் சிவந்த குருதி கசிகிறதா என்று பார்த்தபின்பே ஊசி எடுக்கின்றன.

உயிருள்ளவர் தானம் இச்சிக்கலை மேலும் இறுக்கியது. 1989இல் பிரிஸ்பேனில் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்ட்ரோங் ஒரு தாயின் ஈரல் பகுதியைக் குழந்தைக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1990களில் பெரியவர்களுக்கும் இது விரிந்தபோது, வலப்பகுதி ஈரலில் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள இரண்டு மூன்று கான்வாய்களைத் தைக்க வேண்டியதாயிற்று. இறந்தவர் தந்த முழு ஈரலில் பித்தக்கான் சிக்கல் பொதுவாக 5 முதல் 15 வீதம். உயிருள்ளவர் தானத்தில் பல ஆய்வுகள் அதன் இரு மடங்கைச் சொல்கின்றன. தெற்காசியாவில் நடப்பவற்றில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகை.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பைப் பெற வழிவகுத்தது. ராகமையில் ஈரல் மாற்று நடக்கிறது. வசதியுள்ளவர்கள் சென்னைக்கும் போகிறார்கள். கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணையைத் தாண்டி வரும் அலவத்துகொடவுக்கு ஒருவர் புது ஈரலோடு திரும்பினால், கான் சுருங்குவது பெரும்பாலும் மாதங்கள் கழித்துத்தான். அப்போது அவரை முதலில் பார்ப்பவர் தைத்த மருத்துவர் அல்லர். உள்ளூர் கிளினிக்கில் இருப்பவர். ஈரல் மாற்றுப் பற்றிய நம் பேச்சுகள் சத்திரசிகிச்சை எண்ணிக்கையோடு நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

கான் சுருங்கினால் பரிகாரம் பெரும்பாலும் வாய்வழிக் குழாய்நோக்கிதான்: சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்து, பிளாஸ்டிக் ஸ்ரென்ற் குழாய் வைத்து, சுமார் மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றி, ஓராண்டு வரை தொடர வேண்டும். 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இதயம் நின்ற பின் பெற்ற ஈரலைக் குளிர்நிலையில் ஒட்சிசன் ஊட்டிய திரவத்தால் இயந்திரத்தில் ஓட்டியபோது, தையல் இடத்துக்கு அப்பாலான கான்சுருக்கம் 18 வீதத்திலிருந்து 6 வீதமாகக் குறைந்ததைக் காட்டினர். உயிருள்ளவர் தானத்தில் தையல் இடத்தில் வரும் சுருக்கத்துக்கு அது விடையல்ல.

கான் அடைபடும்போது, செங்கண்மாரி வருமுன்னரே உள்ளங்கை அரிப்பு, கடும் மஞ்சளான சிறுநீர், குளிரோடு காய்ச்சல், இரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. என்னும் நொதியின் உயர்வு ஆகியவை தோன்றலாம். உடல் புது ஈரலை நிராகரிக்கும்போதும் இதே எண்கள் ஏறும்; இரண்டையும் பிரித்தறியாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டினால், அடைபட்ட கானில் தொற்று பெருகும். சாதாரண ஸ்கானில் கான் விரிந்து தெரியாதது அடைப்பில்லை என்பதற்குச் சான்றாகாது. மாற்று ஈரலில் கான்கள் பலவேளை விரிவதே இல்லை, எம்.ஆர்.சி.பி. என்னும் காந்தப்புலப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.