தோட்டா மருந்து: கூட்டினால் வேகம் இரட்டிப்பாகுமா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ படிக்கும் உங்கள் பிள்ளை என்.சி.சி-யில் இருக்கிறாரா? அப்போ .22 ரைஃபிள் பயிற்சியும் இருக்கும். ரைஃபிள் தோட்டாவுக்குள் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. ராஜபாளையம் மில்களில் நூலாகிற அதே பருத்தியிலிருந்தும் அதைத் தயாரிக்கலாம்!

மருந்து எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குண்டுக்குப் போகிறது. மீதியெல்லாம் குழலைச் சூடாக்கியும், சூடான வாயுவாக வெளியேறியும் வீணாகிறது.

சரி, மருந்தை இரண்டு மடங்காக்கினால்? வேகம் இரண்டு மடங்காகாது. சூடும் சத்தமும் தோளில் விழும் உதையும் கூடும். சின்ன .22 தோட்டாவில் மருந்து கொஞ்சம், உதையும் கொஞ்சம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே போதும். ஆனாலும், அந்தச் சத்தமும் காதைப் பாதிக்கும். காதுக்கவசம் இல்லாமல் பிள்ளையைச் சுட அனுப்பாதீங்க!