செம்மறியின் கண்ணிமை

மருத்துவ வரலாற்றை மருந்துகளின் வெற்றி வரிசையாக எழுதுவதே வழக்கம். செம்மறியின் வயிற்றுப்புழுவை அப்படி எழுத இயலாது. தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம், கம்பளி வளம் மிகுந்த அந்நாட்டில் இக்கதையின் எல்லாக் கட்டங்களையும் காண்கிறோம்.

அங்கே 'கம்பிப்புழு' எனப்படும் ஹீமாங்கஸ், ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது. பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓண்டர்ஸ்டெபூர்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த வெக்லியா, 1915இல் இதன் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாக எழுதினார். அக்காலத்து மருந்துகளோ மயில்துத்தமும் ஆர்செனிக்கும். அளவு சற்றுக் கூடினால் புழுவோடு ஆடும் போய்விடும். ஈஸ்டர்ன் கேப் பகுதியின் கோசா மக்கள் அலோ ஃபெராக்ஸ் என்ற கசப்புக் கற்றாழையைக் கால்நடைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். இம்மரபை ஏளனம் செய்ய நாம் விரும்பவில்லை. ஆயினும் செடிக்குச் செடி வீரியம் மாறும் மருந்தை நம்பி மந்தை முழுவதையும் ஒப்படைப்பது எளிதன்று. தாவரம் என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ள முடியாது. பழைய புழுமருந்துகளுள் கொடியதான நிக்கோட்டின் சல்பேட் புகையிலையின் பிள்ளைதான்.

பிறகு வேதியியலின் காலம். 1940 வாக்கில் ஃபீனோதயசின், 1961இல் தயபெண்டசோல், 1981இல் ஐவர்மெக்டின். முதலாவதற்கு அடங்காத புழுக்கள் 1957இலேயே அமெரிக்காவில் பதிவாயின. இரண்டாவதற்கு மூன்றே ஆண்டுகள். ஐவர்மெக்டின் கண்டுபிடிப்புக்காக ஓமுராவும் கேம்பலும் 2015இல் நோபல் பரிசு பெற்றபோது, தென்னாப்பிரிக்கச் செம்மறிகளின் புழுக்கள் அதை வென்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது!

பழுது மருந்தில் இல்லை, கொடுத்த முறையில் இருந்தது என்பதே நம் எண்ணம். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து புகட்டினால், எதிர்ப்பாற்றல் கொண்ட புழுக்கள் மட்டுமே எஞ்சி இனம் பெருக்கும். 1990களில் மாலன், பாத், வான் விக் ஆகியோர் இதை நேர்மாறாக்கினார்கள். ஆட்டின் கீழ் இமையை விலக்கி, உட்சவ்வின் நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்தில்லை, வெளுத்திருந்தால் மட்டும் உண்டு. மருந்து பெறாத ஆடுகளிலுள்ள புழுக்கள் மருந்துக்கு அடங்கும் தன்மையை அடுத்த தலைமுறைக்குக் கடத்துகின்றன. புழுவைக் காப்பாற்றி மருந்தைக் காப்பாற்றும் விசித்திரமான ஏற்பாடு. மாலனின் பெயரிலிருந்தே அதற்கு ஃபமாச்சா என்ற பெயர் அமைந்தது.

இரத்தம் குடிக்காத பிற குடற்புழுக்களை இமை காட்டிக்கொடுப்பதில்லை. அவற்றுக்குச் சாணத்தில் முட்டை எண்ணும் பழைய வழியே துணை.