பாசறையில் ஒலித்த நகைக்குரல்

போரைப் பாடிய நம் பழம்பாடல்களில் வாளோசையோடு நகையோசையும் கேட்கிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு கூறியது புறநானூற்றின் 95ஆம் பாடல். உன் கருவிகள் பீலி சூடி, நெய் பூசி, அழகு குலையாமல் இருக்கின்றன. எம் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வதுபோல் பழித்து, போர் அறியாதவன் நீ என்று பகைவன் முகத்துக்கு நேரே உணர்த்திவிட்டார். அப்படிப் பேசியும் அவர் தலை தப்பியது. புலவர்க்கு அன்று அந்த உரிமை இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் படைகளுக்கிடையே அந்த நகைக்குரல் வானொலி வழியே மீண்டும் ஒலித்தது. அதன் வரலாற்றில் ஒரு கிளை நம் வீட்டு வாசல்வரை நீண்டிருக்கிறது என்பதால் இம்மலரில் அதைப் பதிவு செய்ய விழைகிறேன்.

1943இல் நேச நாடுகள் தென்கிழக்காசியப் படைத்தலைமையை அமைத்தன. தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு, மறு ஆண்டு தம் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பர்மாக் காட்டில் மழையோடும் மலேரியாவோடும் ஜப்பானியரோடும் போராடிய பதினான்காம் படை, தன்னை 'மறக்கப்பட்ட படை' என்று அழைத்துக்கொண்டது. இலண்டன் இதழ்களின் கண் ஐரோப்பாவின்மேல்தான் இருந்தது. வீரர்களைச் சந்தித்த மவுண்ட்பேட்டன், உங்களை எவரும் மறக்கவில்லை, நீங்கள் இருப்பதே எவருக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரிக்க வைத்தாராம். மனக்குறையை மறுக்காமல் நகையாக்கியதே அதன் வெற்றி.

அவ்வீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீயாக்' என்னும் படைவானொலி ஒலிபரப்பானது. கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. ஒலிபெருக்கி முன் அமர்ந்தவர்களுள் கடற்படையிலிருந்து வந்த டேவிட் ஜேக்கப்ஸ், தரைப்படையிலிருந்து வந்த டெஸ்மண்ட் கேரிங்டன் ஆகிய இருவரும் 1926இல் பிறந்தவர்கள். மீசை அரும்பிய வயதில் ஊர்க்கதையும் இசைத்தட்டுமாகப் பேசிப் பழகிய இவ்விளைஞர்கள் பின்னாளில் பி.பி.சி.யின் புகழ்பெற்ற குரல்களாயினர்.

இங்கே ஒரு முரணைக் குறிக்க வேண்டும். பதினான்காம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர். கொழும்பு வானொலியோ பிரிட்டிஷ் வீரர்களின் வீட்டு ஏக்கத்தை மனத்திற்கொண்டு பிறந்தது. எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. மலாயாத் தோட்டங்களின் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்திருந்தனர். ஆக, அந்தப் போரின் அலைவரிசைகளில் தமிழனுக்குக் கிடைத்தது அறைகூவல். நகைச்சுவை ஆங்கிலத்துக்கு உரியதாயிற்று.

உலகம் நன்கறிந்த படைவானொலிக் குரல் இதற்குப் பின் வந்தது. 1965இல் அமெரிக்க விமானப்படையின் ஏட்ரியன் குரோனவர் சைகோன் நகரப் படைவானொலியில் விடியற்காலை நிகழ்ச்சியை ஏற்றார். 'குட் மார்னிங், வியட்நாம்' என்று முதற்சொல்லை மூச்சு தீரும்வரை நீட்டி அவர் கூவியது வீரர்களிடையே பரவியது. 1987இல் பேரி லெவின்சன் இயக்கிய திரைப்படத்தில், ராபின் வில்லியம்ஸ் அவரை மேலதிகாரிகளை எள்ளி நகையாடும் கலகக்காரராகவே ஆக்கிக் காட்டினார். குரோனவரோ, அதில் பாதியைச் செய்திருந்தாலும் தம்மை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லி வந்தார். தம் வானொலி ஊரில் கேட்கும் வானொலிபோல் ஒலிக்க வேண்டும் என்பதே அவர் செய்ய முனைந்தது. பின்னர் வழக்கறிஞரான அவர் 2018இல் மறைந்தார்.

இந்தச் சைகோன் நமக்கு அந்நியமன்று. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பலர் அங்கே குடியேறினர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரில் நிற்கிறது.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். போர் முடிந்தது, படைகள் கப்பலேறின, பரப்பி மட்டும் நின்றது. 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. மறு ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் நம் நாட்டுத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தபோது, நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பை அடைந்தனர். வீரர்களுக்கு வீட்டை நினைவூட்ட அமைத்த கருவி வீடுகளுக்கே பாட்டு வழங்கியது! 1957இல் விவித பாரதி தொடங்கியதற்கு அந்த இழப்பே காரணம். அதில் வந்த 'ஜெயமாலா' நம் படைவீரர்க்கென்றே அமைந்தது.

கொழும்பின் தமிழ்க்குரல்களை நெய்வேலியின் முதல் தலைமுறை மறந்திராது. ஊர் ஊராய் வந்து வட்டம் வட்டமாய்க் குடியேறியவர்கள் நாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் உறங்குவதற்கும், காலை ஷிஃப்டுக்குச் செல்பவர் கிளம்புவதற்கும் பக்கத்து வீட்டு வானொலியே துணை. எஸ். பி. மயில்வாகனம், பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா என்ற பெயர்கள் உறவுப்பெயர்களைப்போல் வழங்கின. ராஜாவின் மின்னல் வேகப் பேச்சும் குறும்பும் தனி வகை. பாட்டுக்கும் வசனத்துக்கும் முடிச்சுப் போட்டு அவர் சிரிக்க வைப்பார். அந்தக் குரலை, இனப்போர் எரிந்த 1989இல், கொழும்பில் கொன்றுவிட்டார்கள். ஒரு போரின் பொருட்டுப் பிறந்த நிலையத்தில் வளர்ந்த சிரிப்பு, இன்னொரு போரின் காலத்தில் அணைந்தது.

இவ்வரலாறு கவிஞர்க்கு என்ன சொல்கிறது? படைவானொலியின் குறும்பு, தலைமை அனுமதித்த குறும்பு. அது வீரனை மனிதனாக வைத்திருந்தது; அதே நேரத்தில் மறுநாளும் அவன் துப்பாக்கி ஏந்த உதவியது. இரண்டும் உண்மை; ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் சிரிப்பை முழுதும் கட்டளைக்குள் அடைக்க எந்தத் தலைமைக்கும் இயலவில்லை. குரோனவரைக் கலகக்காரராக்கிய திரைப்படம்கூட, கேட்டவர்கள் அந்தக் குரலில் கேட்க விரும்பியதைத்தான் காட்டியது.

ஔவை அதியமானின் விருந்துண்டவர். அவனுக்காகவே தூது சென்றவர். அவர் நகைப்பு அவன் பக்கம் நின்றது. கோவூர்கிழாரோ ஒருபடி மேலே சென்றார். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது, இருவர் கண்ணியும் ஆத்தியே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இரு பக்கத்தையும் நோக்கிச் சொன்னார்.

நாமும் பெரும்பாலோர் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் வாழ்ந்து, அது அமைத்த நகரில் கூடிக் கவிதை படிப்பவர்கள். சோறிட்ட கையை நன்றியோடு நினைப்போம். பாட்டில் மட்டும் கோவூர்கிழாரின் சொல்லுரிமையைக் கைவிடாதிருப்போம். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு ஏற்க வேண்டிய உறுதி அதுவே.