பழைய கைத்துப்பாக்கியைப் பழுதுபார்த்தல்: கோவை கணபதி வட்டாரத்தை முன்வைத்து

உரிமத்துடன் வைத்திருக்கும் பழைய ரிவால்வரோ பிஸ்டலோ சுடும்போது மக்கர் செய்தால், அதன் காரணத்தைக் கண்டறிந்து, சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்துச் சரிசெய்து, மறுபடி நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது கைத்துப்பாக்கிப் பழுதுபார்ப்பு எனப்படும். இந்தியாவில் இது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளுக்கும் உட்பட்ட வேலை. கோவை சத்தி ரோட்டில் உள்ள கணபதி போன்ற பட்டறைப் பகுதியில் இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. எந்த இரும்புச் சாமானையும் செய்து கொடுக்கும் கைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அவற்றில் ஏறக்குறைய எந்தக் கையும் துப்பாக்கியைத் தொடச் சட்டம் இடம் தரவில்லை.

பழையதே ஏன் புழங்குகிறது

வெளிநாட்டில் ஒரு பிஸ்டல் அடிக்கடி தகராறு செய்தால் அதை விற்றுவிட்டு வேறு வாங்குவார்கள். இங்கே அந்த வழி குறுகலானது. தனியார் தற்காப்புக்கென வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நின்றுபோனது. அதன்பின் பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. அதற்கு முன் வந்தவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 1903 முதல் 1945 வரை தயாரான கோல்ட் பாக்கெட் பிஸ்டல், லண்டன் மாநகரப் போலீஸ் 1911இல் ஏற்றுக்கொண்ட வெப்லி ஸ்காட் .32, ஜெர்மனியில் 1929இல் வெளிவந்த வால்தர் பிபி ஆகியவை இந்த வகை. முக்கால் நூற்றாண்டு தாண்டிய இவற்றுக்குப் புது உள்நாட்டு ரிவால்வரைவிடப் பல மடங்கு விலை கேட்கப்படுவதும் உண்டு. உதிரிப் பாகம் மட்டும் எங்கும் கிடைக்காது.

உள்நாட்டுத் தயாரிப்பில் பரவலாகத் தெரிந்தது, கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். ஆறு தோட்டா கொள்ளும். பழைய வெப்லி ரிவால்வரைப் போல நடுவில் மடங்கித் திறக்கும். இதற்குப் பின் 2014இல் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலையிலிருந்து டைட்டானியம் கலப்புலோகத்தில் எடை குறைந்த 'நிர்பீக்' வந்தது. 2021 அக்டோபர் 1 அன்று அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயுதத் தயாரிப்பு நிறுவனம் 2023 ஆகஸ்டில், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. திருச்சியின் துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது.

இவை பெரும்பாலும் .32 ஆக இருப்பதற்குக் காரணம் உண்டு. போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் அல்லது முன்பு பயன்படுத்திய .38, .455, 9 மில்லிமீட்டர் அளவுகள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. கொங்குப் பகுதியில் மில் முதலாளிகள், மலைத் தோட்டக்காரர்கள், நகைத் தொழில் செய்பவர்கள் முதலியோரின் பெட்டகங்களில் தலைமுறை தாண்டிக் கிடப்பவையும் பெரும்பாலும் இந்த அளவுதான். பயிர்க்காவலுக்கு உழவர்கள் வைத்திருக்கும் நீளத் துப்பாக்கி வேறு வகை. அதன் கோளாறுகளும் வேறு.

லேத் பட்டறையும் ஆயுதச் சட்டமும்

கணபதி, நூற்பு இயந்திரங்கள் செய்த டெக்ஸ்டூல் நிறுவனத்தால் பெயர் பெற்ற இடம். அதைச் சுற்றி வார்ப்படப் பட்டறைகளும், மோட்டார் பம்பு உதிரிகளைக் கடையும் லேத்துகளும் பெருகின. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து தருவது இங்கே அன்றாட வேலை. உடைந்த ஃபயரிங் பின்னை, அதாவது தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியை, காட்டினால் அரை மணி நேரத்தில் அச்சாக ஒன்றைக் கடைந்து தரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆயுதச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, துப்பாக்கி என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே விரல் நுனியில் நிற்கும் ஒரு பின் கூடச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். ஐந்தாம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது மட்டுமல்ல, பழுதுபார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான சிறைத்தண்டனை குறைந்தது ஏழு ஆண்டுகள், ஆயுள் வரை நீளலாம். பழக்கத்துக்காக உதவப்போன பட்டறைக்காரர்தான் இதில் முதலில் மாட்டுவார். "நம்ம அண்ணன் பட்டறைதானே, ஒரு பின்னுதானே" என்று துப்பாக்கியை நீட்டுவது அவருக்குச் செய்யும் பெரும் அநியாயம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. பீகாரின் முங்கேரில் உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிற்கூடங்களின் நிழலிலேயே கள்ளப் பிஸ்டல்கள் வீட்டுப் பட்டறைகளில் உருவானது நாடறிந்த கதை. லேத்தும் திறமையும் இருக்கும் எந்த ஊரிலும் அது நிகழக்கூடும்.

முறையான வழி எளிது. துப்பாக்கியை, பழுதுபார்க்கும் உரிமமும் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உரிமதாரர் முதியவராக இருந்தாலோ உடல்நலம் சரியில்லாமல் இருந்தாலோ சட்டம் ஒரு வசதி செய்திருக்கிறது: அவர் உடன் இருக்கும்போதோ, அவருடைய எழுத்து மூலமான அனுமதியுடனோ, உரிமம் இல்லாத ஒருவர் பழுதுபார்ப்பதற்காகத் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். மூன்றாம் பிரிவில் உள்ள இந்த வரி பலருக்குத் தெரிவதில்லை. மகனோ டிரைவரோ கொண்டுபோவதானால் அந்தக் கடிதமும் உரிமப் புத்தகமும் கையில் இருந்தே ஆக வேண்டும். வெளிமாநிலக் கடைக்குக் கொண்டுபோவதென்றால் உரிமம் செல்லுபடியாகும் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக்கு மட்டும் தரப்பட்ட உரிமம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் செல்லாது.

கணபதி கோவை மாநகராட்சிக்குள் வருவதால், இங்கே உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். ஆணையர் உள்ள பகுதிகளில் மாவட்ட நடுவரின் இடத்தில் அவரையே சட்டம் வைக்கிறது. மாநகர எல்லைக்கு வெளியே அது மாவட்ட நடுவரான ஆட்சியரின் பொறுப்பு.

கோளாறு எங்கே என்று பார்ப்பது

பழைய துப்பாக்கி சுடவில்லை என்றதும் துப்பாக்கியையே குறைசொல்வது வழக்கம். பல நேரம் குற்றவாளி தோட்டாதான். உரிமதாரர்கள் பலர் ஒருமுறை வாங்கிய தோட்டாக்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பீரோவில் வைத்திருப்பார்கள். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கும் அறையில் அவற்றின் பிரைமர், அதாவது அடியில் உள்ள சிறு உலோக வட்டம், வலுவிழக்கும்.

சுடாத தோட்டாவின் அடிப்பாகத்தைக் கூர்ந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பிரைமரின் நடுவில் பின் ஆழமாகக் குழி பதித்திருந்து தோட்டா வெடிக்கவில்லை என்றால் பழுது தோட்டாவில். குழி ஆழமில்லாமல் லேசாகத் தொட்டதுபோல் இருந்தால் பழுது துப்பாக்கியில்: மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பின் தேய்ந்திருக்கலாம், உள்ளே எண்ணெய் கெட்டியாகி ஹேமரின் வேகத்தைத் தின்றிருக்கலாம். ரிவால்வரில் குழி நடுவில் விழாமல் ஓரமாக விழுந்திருந்தால், சிலிண்டர் சுழன்று குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை என்று பொருள். இது மற்ற இரண்டையும்விடக் கவலைக்குரியது. அப்படிச் சுட்டால் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும். இந்தச் சுடாத தோட்டாவைத் தூக்கி எறிந்துவிடாமல் தனியாக உறையிட்டுக் கடைக்காரரிடம் தருவது நல்லது. "சில சமயம் சுடமாட்டேங்குது" என்ற வாய்மொழியைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும்.

பிஸ்டலில் தகராறு பெரும்பாலும் மேகசினில் தொடங்குகிறது. மேல்விளிம்புகள் சற்று விரிந்தாலோ அடி ஸ்பிரிங் சோர்ந்தாலோ தோட்டா சரியான கோணத்தில் ஏறாது. .32 பிஸ்டல் தோட்டாவுக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகலமானது. மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் மேகசின் அப்படியே பூட்டிக்கொள்ளும். தோட்டாக்களை அடுக்கும்போது ஒவ்வொன்றும் கீழே உள்ளதற்கு முன்னால் உட்காருகிறதா என்று பார்த்தால் இதைத் தவிர்க்கலாம். சுட்ட காலிக் கூடு வெளியே வராமல் நின்றால் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது தோட்டா அமரும் அறை அழுக்கேறியிருக்கும். ஸ்லைடு முழுதாக முன்னுக்கு வந்து மூடவில்லை என்றால் ரிகாயில் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். எண்பது வயதான ஸ்பிரிங் சோர்ந்துபோவதில் வியப்பில்லை. ஆகவே பழைய பிஸ்டலை நம்பி வைத்திருக்க விரும்புபவர் முதலில் ஸ்பிரிங்குகளை மாற்றச் சொல்லிக் கேட்பதே முறை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விசையை இழுத்தும் சத்தமில்லை என்றால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. வெடிமருந்து சில நொடிகள் தாமதித்துப் பற்றிக்கொள்வது உண்டு. குழலை ஆளில்லாத பாதுகாப்பான பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். அதைவிட ஆபத்தானது, வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று கேட்பது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கலாம். அதற்குப்பின் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் கொண்டுபோகும். அந்த இடத்தில் சுடுவதை நிறுத்தி, தோட்டாக்களை இறக்கி, துப்பாக்கியை அப்படியே தொழிலாளியிடம் சேர்ப்பது தவிர வேறு வழியில்லை.

எண்ணெய், தோலுறை, ஈரம்

கோவையில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெட்டகத்தில் கிடக்கும் இரும்பு துருவேறுவது இயல்பு. இதைத் தடுக்க வீட்டில் கைக்குக் கிடைக்கும் தேங்காயெண்ணெயைப் பூசிவிடுவோர் உண்டு. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கோவையின் வெப்பநிலை அதைவிட நன்றாகவே இறங்கும். உறைந்த எண்ணெயில் சிக்கிய ஹேமர் சோம்பலாக விழுந்து, பிரைமரை லேசாகத் தொட்டுவிட்டு நிற்கும். மேலே சொன்ன ஆழமற்ற குழிக்கு இதுவும் ஒரு காரணம். கடையில் கிடைக்கும் துப்பாக்கி எண்ணெயே சரியானது. அதுவும் நிறைய ஊற்றாமல், மெல்லிய படலமாகத் துடைத்தால் போதும். நிறைய எண்ணெய் பிரைமருக்குள் கசிந்து தோட்டாவைக் கெடுத்துவிடும்.

துப்பாக்கியைத் தோலுறையிலேயே வைத்துப் பூட்டுவதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் மிச்சமிருக்கும் ரசாயனங்கள் இரும்பின் நீலப் பூச்சை அரித்து, உறையின் வடிவத்திலேயே துருப்படலம் உண்டாக்கும். உறை வேறு, பெட்டி வேறு என்று வைப்பதே நல்லது.

தேர்தல் காலம் தனிக் கவனம் கேட்கிறது. தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு, இதற்கென அமைக்கப்படும் ஆய்வுக்குழு விலக்கு அளித்தவர்கள் நீங்கலாக, உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2024 மக்களவைத் தேர்தலின் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நீடித்தன. மூன்று மாதத்தை நெருங்கும் காலம் அது. ஒப்படைக்கும்முன் துடைத்து எண்ணெயிட்டு, மேகசினைக் காலியாக்கி, துப்பாக்கியின் எண்ணையும் நிலையையும் குறித்த ரசீதைப் பெற்றுக்கொண்டால் திரும்பி வரும்போது வாக்குவாதம் வராது.

சரிசெய்தபின்

பழுதுபார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது. அதைத் தோட்டத்துத் தென்னையை நோக்கியோ திருவிழாக் கூட்டத்திலோ சுட்டுப் பார்ப்பது தண்டனைக்குரியது. பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும்படி அலட்சியமாகச் சுட்டாலோ கொண்டாட்டத்துக்காகச் சுட்டாலோ இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என 2019 திருத்தம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரலாம். சோதிக்கும் உரிமம் உள்ள தொழிலாளி தன் இடத்தில் சோதித்துத் தருவதே வழி. துப்பாக்கியின் எண் பொறித்த இடத்தில் அரம் படக் கூடாது. எண்ணை அழிப்பதையோ மாற்றுவதையோ எட்டாம் பிரிவு தனியாகத் தடைசெய்கிறது.

தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றலாம், அழுக்கை எடுக்கலாம். விரிசல் கண்ட சட்டகத்தையோ வீங்கிய குழலையோ சரிசெய்யப் பார்ப்பது வீண். அந்த நிலையில் துப்பாக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும், அது தாத்தா வாங்கியதாகவே இருந்தாலும்.

அப்படி விட முடிவுசெய்தவர் அதை உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து உரிமத்தில் பதிவை மாற்றிக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ளதை இன்னொரு உரிமதாரருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். குடும்பத்திலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கு 2016 விதிகள் வழி வைத்திருக்கின்றன: உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முன்னதோ அப்போது, சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வாரிசின் பெயரில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் மூன்றாவதற்கு இடமில்லை. 2019 வரை மூன்றாக இருந்த உச்சவரம்பு இப்போது இரண்டு.