இருபத்தாறாம் திகதி மறைந்த சூரியன்

கல்முனைக் கரையில் வாழும் எங்களுக்கு டிசம்பர் 26 என்றால் விளக்கம் தேவையில்லை. 2004ஆம் ஆண்டு அந்தத் திகதியில், காலை ஒன்பது மணிக்குக் கிட்ட, கடல் ஊருக்குள் வந்தது. சரியாகப் பதினைந்து வருடம் கழித்து, 2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை, ஏறக்குறைய அதே நேரத்தில் சூரியன் மறைந்தது. எட்டு மணி கடந்து சிறிது நேரத்தில் தொடங்கிய கிரகணம் ஒன்பதரை மணியளவில் உச்சத்துக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அது வளையமாகத் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிறை.

அன்று பாடசாலை விடுமுறை. சுனாமியில் மௌத்தானவர்களுக்காகப் பள்ளிவாசலில் குர்ஆன் ஓதி துஆச் செய்ய ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் வளவில் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வேப்பமரத்தின் கீழ் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். இலை இடுக்குகளால் வழக்கமாக வட்டமாக விழும் அந்தப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மண்ணில் கிடந்தன. அப்போது முன்வீட்டு ராத்தா வேலியருகே வந்து நின்றா. கடல் அவவின் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோனது.

"தம்பி, இண்டைக்குப் பாத்து ஏன் இது? எங்கட மௌத்துகளுக்குத்தானா?"

ஆசிரியர் கலாசாலையில் படித்ததை நான் சொன்னேன். சந்திரன் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வருவது, அமாவாசை, கணக்கு. அவ பொறுமையாகக் கேட்டா. "அது சரி தம்பி. ஆனா இண்டைக்கு ஏன்?" என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போய்விட்டா. என் பதில் அவவின் கேள்விக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை ஏற்கனவே ஓர் ஊரில் கேட்டிருக்கிறார்கள் என்பது இரவில்தான் நினைவுக்கு வந்தது.

ஹிஜ்ரி பத்தாம் ஆண்டு. நபி (ஸல்) அவர்களுக்கும் மாரியா (ரலி) அவர்களுக்கும் பிறந்த குழந்தை இப்றாஹீம், இரண்டு வயது நிரம்ப முன்னரே மதீனாவில் மௌத்தானது. அன்று சூரிய கிரகணம். ஊரார் இரண்டையும் சேர்த்துப் பேசினார்கள். நபியின் பிள்ளைக்காகச் சூரியனே மறைந்தது என்றார்கள். அதைச் சொன்னவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது பாசத்தில் வந்த பேச்சு, ஆறுதலாகச் சொன்ன பேச்சு. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அதற்கு எதுவும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், கதை நிலைத்திருக்கும். அவர்களோ மக்களைக் கூட்டி நீண்ட தொழுகை நடத்தி, வெளிச்சம் திரும்பிய பின் எழுந்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்கள். கண்ணீரும் அவர்களுடையதே, திருத்தமும் அவர்களுடையதே. இந்த ஹதீஸைக் கிரகணத் தொழுகையின் சட்டத்துக்காக மட்டும் நாம் ஓதிக் கடந்துவிடுகிறோம். அதைப் பேசியவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்பதில் தங்குவதில்லை.

இந்த மரணத்தின் திகதியைச் சுற்றி ஒரு சுவையான விவாதம் உண்டு. குழந்தை மாதத்தின் பத்தாம் நாளில் இறந்ததாக வாகிதி எழுதினார். இப்னு தைமிய்யா அதை ஒப்புக்கொள்ளவில்லை. சூரிய கிரகணம் சந்திர மாதத்தின் கடைசியில் மாத்திரமே நிகழும், பத்தாம் நாளில் நிகழாது, ஆகவே அந்த அறிவிப்புப் பிழை என்றார். வானத்தைக் கொண்டு ஓர் அறிவிப்பை உரைத்துப் பார்த்தவர் ஒரு மார்க்க அறிஞர் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்தின் வானியலாளர் மஹ்மூத் அல்ஃபலகி பின்னோக்கிக் கணித்து, அந்த நாள் கி.பி. 632 ஜனவரி 27 என்று கண்டார். அதாவது ஷவ்வால் 29. அதற்குப் பின் நபியவர்கள் வாழ்ந்தது நான்கரை மாதமளவே.

ஒரு குழந்தையின் நாளைக் கிரகணம் காட்டிக்கொடுத்தது என்று படித்தபோது எனக்கு என் மூத்தம்மாவின் ஞாபகம் வந்தது. "கிராணம் புடிச்ச வருசத்துக்கு அடுத்த வருசம்தான் உன்ட வாப்பா பொறந்த" என்பா. விடிந்து கொஞ்ச நேரத்தில் ராவாகிப் போச்சாம், கோழிகள் கூட்டுக்குள் ஏறிவிட்டனவாம், பிள்ளைத்தாச்சிகளை வெளியே விடவில்லையாம். அது 1955 ஜூன் 20 முழுச் சூரிய கிரகணம். அந்த நூற்றாண்டிலேயே நீண்டது. உச்ச இடத்தில் 7 நிமிடம் 8 செக்கன். அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு ஹிங்குராக்கொடை வரை வந்தார்கள். மேகம் அவர்களை ஏமாற்றிவிட்டது. கிரகண நேரத்தில் வசம்பு அரைத்துக் குடித்தால் நிறம் வெளுக்கும் என்று பரவிய கதையை நம்பிக் குடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போன பெண்களும் அக்காலத்தில் இருந்தார்கள். வாப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1953. அட்டையை விட மூத்தம்மாவை நம்புகிறேன். அவ எழுதப்படிக்கத் தெரியாதவ. ஆனால் தெரிந்தவர்களும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அன்று எங்கள் ஊரில் கிரகணத் தொழுகை நடந்ததா, எத்தனை மணிக்கு இருண்டது, யார் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். கெய்ரோவில் இப்னு யூனுஸ். 1009இல் மறைந்த இவர், கலீஃபா ஹாகிமின் பெயரால் தொகுத்த பெரிய வானியல் அட்டவணை நூலில், தனக்கு முந்தியவர்கள் பார்த்தவையும் தான் பார்த்தவையுமாகக் கிரகணங்களைக் குறித்துவைத்தார். 977 டிசம்பர் 13 சூரிய கிரகணத்தைப் பற்றிய குறிப்பே எனக்கு மிகவும் பிடித்தது. கராஃபா பகுதியில் உள்ள ஒரு பள்ளிவாசலில் அறிஞர்கள் பலர் கூடிக் காத்திருக்கிறார்கள். சூரியன் அடிவானிலிருந்து 15 பாகைக்கு மேலும் 16 பாகைக்குக் கீழும் நின்றபோது விளிம்பு உடைந்தது தெரிகிறது. எவ்வளவு மறைந்தது என்பதில் வந்திருந்த எல்லோரும் ஒத்துக்கொண்டதையும் எழுதுகிறார். கைக்கடிகாரம் இல்லாத காலம். சூரியனின் உயரத்தை அளந்தால் அதிலிருந்து நேரத்தைக் கணிக்கலாம். அதற்காகவே அந்தப் பாகைக் கணக்கு. தொழுகைக்கான இடம், பார்ப்பதற்கான இடம் என்று அன்று அந்தப் பள்ளியை யாரும் இரண்டாகப் பிரிக்கவில்லை.

இந்தக் குறிப்புகள் 1804இல் பாரிஸில் அச்சாகின. சந்திரனின் ஓட்டத்தில் காலப்போக்கில் ஏற்படும் சிறு மாற்றத்தை அளக்க ஐரோப்பியர் அவற்றை எடுத்தாண்டார்கள். அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்பும் அவர்களில் ஒருவர். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்ந்து வருகிறது. பழைய கிரகணப் பதிவுகளை வைத்துச் செய்த கணிப்பின்படி, ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசெக்கன் கூடுகிறது. இந்தக் கணக்குக்குப் பாபிலோனியர், சீனர் பதிவுகளோடு அறபுப் பதிவுகளும் சாட்சி. அன்று அந்தப் பள்ளிவாசலில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர்கள் நேரத்தை ஒழுங்காக எழுதினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று அல்பிரூனி செய்தது. 997 மே 24 இரவு சந்திர கிரகணம். இருபத்துநாலு வயது மதிக்கத்தக்க அல்பிரூனி குவாரிஸ்மின் காத் நகரில் நிற்கிறார்; பக்தாதில் முதியவரான அபுல் வஃபா. இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே கிரகணத்தைப் பார்த்தார்கள். சந்திரனில் நிழல் விழும் கணம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அந்தந்த ஊர் நேரம்தான் வேறு. இரண்டு நேரங்களின் வித்தியாசம் ஒரு மணியளவு வந்தது. ஒரு மணி என்றால் 15 பாகை. காத்துக்கும் பக்தாதுக்கும் நெடுங்கோட்டில் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிட்டது. வயதுக் கல்லூரி மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கைத்தொலைபேசியில் செய்த காரியமா என்று கேட்கிறார்கள். அதே அல்பிரூனி, இளமையில் சூரிய கிரகணங்களை நேரே பார்த்துத் தன் கண் பலவீனப்பட்டதை மறைக்காமல் எழுதி, தண்ணீரில் விழும் பிம்பத்தைப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஊரிலும் வட்டிலில் தண்ணீர் வைத்துப் பார்ப்பார்கள். இன்றைய அறிவின்படி அதுவும் பாதுகாப்பில்லை. அட்டையில் ஊசித்துளை போட்டு, நிழலில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே நல்லது. வேப்பமரம் அன்று செய்ததும் அதைத்தான். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே எழுதிய இப்னுல் ஹைதம் ஆராய்ந்ததும் அதைத்தான்.

இதையெல்லாம் ராத்தாவிடம் சொல்லவில்லை. சில நாள் கழித்து இப்றாஹீமின் கதையை மட்டும் சொன்னேன். "அவங்களும் பிள்ளையக் குடுத்தவங்கதானே" என்றா. வேறொன்றும் கேட்கவில்லை.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு, போயா தினம். இரவு முழுச் சந்திர கிரகணம். தொழுகைக்கு வந்த மாணவர்கள் ஆறு பேரை வெளிப்பள்ளியில் நிறுத்தி, ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் கொடுத்தேன். நிழல் விளிம்பில் பட்டதை அவர்கள் எழுதிய நேரம் 10.01. கணக்கின்படி 9.57. நான்கு நிமிடப் பிழை. நிழலின் ஓரம் மங்கலானது, கண் பிந்தித்தான் ஒப்புக்கொள்ளும். சந்திரன் முழுமையாகச் சிவந்த நேரத்தைப் பதினொன்று என்று எழுதினார்கள், அது சரி. இரண்டு பேர் உள்ளே தொழுதுவிட்டு வந்து, மற்ற இரண்டு பேரை உள்ளே அனுப்பினார்கள். நிர்வாக சபையில் ஒருவர், இது பள்ளியா பாடசாலையா என்று கேட்டார். கராஃபாவைப் பற்றிச் சொன்னேன். அவர் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை, தடுக்கவும் இல்லை.

அந்தக் கொப்பியில் அடுத்த பக்கங்களுக்கும் தலைப்பு இட்டிருக்கிறோம். 2027 ஓகஸ்ட் 2: எங்களுக்கு அஸர் கழிந்து, மேற்கே சாய்ந்த சூரியனில் ஒரு பகுதி மட்டும் மறையும். அன்று பிற்பகல் மக்காவில் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக முழு இருள். ஹரமில் கிரகணத் தொழுகைக்கு நிற்பவர்களை நம் வீடுகளிலிருந்தே பார்க்கக் கிடைக்கும். 2028 டிசம்பர் 31: முழுச் சந்திர கிரகணம், இரவு ஒன்பதே முக்காலளவில் சந்திரன் முற்றாக நிழலுக்குள் போய்ப் பதினொன்றுக்குச் சற்று முன் வெளிவரத் தொடங்கும். 2031 மே 21: நண்பகலுக்குப் பின், தென்னிந்தியாவையும் நம் நாட்டின் வடக்கையும் கடக்கும் வளையச் சூரியன். அதற்குப் பிள்ளைகளை யாழ்ப்பாணம் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு எண்ணம். பஸ்ஸுக்குக் காசு சேர்க்க ஐந்து வருடம் இருக்கிறது.