புகைபோக்கிக்குப் பெயின்ட் அடித்து இமயமலை ஏறியவர்கள்

1/ இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், வரலாறு நிறைய. நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன வாரம் ஓபி-யில் ஒரு தம்பி. நண்பர்களோட லே போறாராம். "டயமாக்ஸ் மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர், மத்ததை நான் பார்த்துக்கறேன்"னார். எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு கேள்வி: "மேல உனக்கு மூச்சு வாங்குச்சுன்னா, டிரிப்பை விட்டுட்டு உன்கூட கீழ இறங்கி வரப்போற ஆள் யாருப்பா?"

தம்பி முழிச்சார்.

2/ அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது? போலந்து நாட்டு மலையேற்ற கிளப்புகளின் கதையிலிருந்து. மருத்துவரா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. ரொம்ப வலிக்கிற கதையும் அதுதான்.

3/ போலந்தின் தெற்கு எல்லையில் டாட்ரா மலை. உயரம் 2500 மீட்டரை ஒட்டித்தான். ஆனா குளிர்காலத்தில் கொடூரமான மலை. அங்கே ஏறுபவர்கள் ஒன்றுசேர்ந்து 1907-லேயே 'டாட்டெர்னிக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். யார் எந்தப் பாறையில் எந்த வழியாக ஏறினார், எங்கே ஆபத்து என்று எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

4/ 1939-ல் ஒரு சின்ன போலந்துக் குழு நம்ம ஊர் நந்தாதேவி கிழக்குச் சிகரத்தில் முதன்முதலாக ஏறியது. அதே பயணத்தில் திர்சூலி மலையில் பனிச்சரிவில் இருவர் இறந்தார்கள். மீதிப்பேர் வீடு திரும்பும் முன்பே இரண்டாம் உலகப்போர். போலந்து தரைமட்டம்.

5/ போர் முடிந்து 1950 முதல் 1964 வரை உலகின் 8000 மீட்டர் சிகரங்கள் 14-ம் ஒவ்வொன்றாக ஏறப்பட்டன. பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜெர்மன், இத்தாலி என்று எல்லார் பெயரும் பட்டியலில் உண்டு. போலந்து இல்லை. பாஸ்போர்ட்டைக்கூட அரசே பூட்டி வைத்திருந்த காலம். கையில் டாலர் கிடையாது.

6/ இந்த இடத்தில்தான் கிளப் வருகிறது. கிளப் என்றதும் சீட்டாட்டம், மாலை நேர அரட்டைன்னு நினைச்சுடாதீங்க. அது ஒரு குருகுலம் மாதிரி. கத்துக்குட்டியாகச் சேர்ந்து மூத்தவரோடு கயிறு கட்டி ஏறணும். டாட்ராவில் கோடையில் தேறினால் குளிர்காலம். அதில் தேறினால் ஆல்ப்ஸ், பிறகு ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ். இமயமலை அதுக்கப்புறம்தான். நாம ஹவுஸ் சர்ஜன், பி.ஜி.ன்னு படிப்படியா போறோமே, அதே கதை.

7/ பணம்? இதுதான் சுவாரசியம். கட்டோவிட்சே நகரைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் நிறைய. பெரிய பெரிய புகைபோக்கிகள். அவற்றுக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டினால் நாள்கணக்கில் ஆகும். மலையேறிகள் கயிற்றில் தொங்கியே அடித்துவிடுவார்கள்! கிளப் ஒப்பந்தம் பேசும், உறுப்பினர்கள் தொங்குவார்கள். சாதாரண மாதச் சம்பளத்தைவிடப் பல மடங்கு வருமானம்.

8/ அந்தப் பணத்தில் உள்ளூரிலேயே உணவும் சாமான்களும் வாங்கி லாரியில் ஏற்றி ஆசியாவுக்குப் பயணம். டாலருக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெளிநாட்டு மலையேறிகளைக் கூட சேர்த்துக்கொள்வார்கள். "டாலர் செலவு உங்களது, சாப்பாடு சாமான் எங்களது." பணமில்லாதவர்களின் கூட்டுறவு இது. யாரும் தனியாகச் செய்திருக்கவே முடியாது.

9/ ஆண்ட்ஜெய் சவாடா என்பவர் இவர்களின் தலைவர். அவர் சிந்தனை எளிமையானது: கோடையில் எல்லாச் சிகரமும் முடிஞ்சுபோச்சு. குளிர்காலம் இன்னும் காலி! 1973-ல் நோஷாக்கில் ஏறினார். 7000 மீட்டருக்கு மேல் நடந்த முதல் குளிர்கால ஏற்றம் அது. 1974 கிறிஸ்துமஸ் அன்று லோட்சேயில் அவரும் ஹைன்ரிஹும் 8250 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள்.

10/ இங்கே கொஞ்சம் மருத்துவம். எவரெஸ்ட் உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் அங்கே காற்றழுத்தம் இன்னும் குறையும். அதாவது, உடம்பைப் பொறுத்தவரை மலை இன்னும் உயரமாகிவிடும். கூடவே குளிர், சூறைக்காற்று. முடியாதுன்னு பலர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

11/ 1980 பிப்ரவரி 17. அனுமதி முடியும் நாள். லெஷெக் சிஹி, கிறிஸ்டோஃப் வியெலிட்ஸ்கி இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். 8000 மீட்டர் சிகரம் ஒன்றில் குளிர்காலத்தில் மனிதன் ஏறியது அதுவே முதல்முறை. உச்சியில் நின்றது இருவர். கீழே முகாம் முகாமாகச் சுமை தூக்கி, கயிறு கட்டி, பாதியில் திரும்பியவர்கள் ஒரு கூட்டம். கிளப் வளர்ப்பு என்பது இதுதான்.

12/ 1988 முடிவதற்குள் 7 சிகரங்களில் முதல் குளிர்கால ஏற்றம். ஏழும் போலந்துக்காரர்கள்! அதில் 3-ல் பங்கெடுத்தவர் யெர்ஷி குகுச்கா. 8 வருடத்துக்குள் 14 சிகரங்களையும் முடித்த, புகைபோக்கிக்குப் பெயின்ட் அடித்த மனிதர். ஏழாவது லோட்சே: வியெலிட்ஸ்கி முதுகெலும்புக் காயத்துக்காக இடுப்பில் கார்செட் மாட்டிக்கொண்டு தனியாக ஏறினார். (என் பேஷன்ட் யாரும் இதை முயற்சி பண்ண வேண்டாம். திட்டுவேன்.)

13/ இப்போ வலிக்கிற பகுதி. 1986 ஜனவரி, காஞ்சன்ஜங்கா. முந்தின வருடம்தான் குகுச்காவோடு தவுளகிரியைக் குளிர்காலத்தில் ஏறியிருந்தார் ஆண்ட்ஜெய் சோக். மேல் முகாமில் அவருக்கு விடாத இருமல். உச்சி கைக்கெட்டும் தூரம். கூட இருந்த பியாசெட்ஸ்கி தன் வாய்ப்பை விட்டுவிட்டு அவரோடு கீழே இறங்கினார். 11-ம் தேதி குகுச்காவும் வியெலிட்ஸ்கியும் உச்சியைத் தொட்டார்கள். அதே நாள் மூன்றாம் முகாமில் சோக் இறந்துபோனார்.

14/ உயரத்தால் வரும் நுரையீரல் நீர்க்கோவை. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்காது. சில இடங்களில் அழுத்தம் எகிறி, நீர் கசிந்து மூச்சுப்பைகளை நிரப்பும். ஆள் உட்கார்ந்த இடத்திலேயே மூழ்குவார். நிஃபெடிபின் இதற்கு உதவும் என்ற ஆய்வு வந்தது 1989-ல்தான். இன்றும் முதல் மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்கு.

15/ அதே 1989. மே மாதம் எவரெஸ்ட் அருகே பனிச்சரிவில் 5 பேர் பலி. 1974-ல் சவாடாவோடு ஏறிய ஹைன்ரிஹும் அதில் ஒருவர். தப்பிய ஒரே ஆளான மார்சினியாக்கை மீட்க, அர்துர் ஹைசர் திபெத் பக்கமாகச் சுற்றிப்போய்க் கொண்டுவந்தார். அக்டோபரில் குகுச்கா லோட்சேயில் விழுந்து இறந்தார். அவர் கட்டியிருந்தது காட்மாண்டுவில் வாங்கிய பழைய மெல்லிய கயிறு.

16/ "அந்த கிளப்புகள்தான் அவங்களைச் சாவுக்குத் தள்ளிச்சு"ன்னு சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஒருவர் சாதித்தால் அடுத்தவருக்கு அது கடனாகிவிடும். ஒரு தலைமுறையே அரைவாசி காலியானபின் பாராட்டு மட்டும் பேசறது நியாயமில்லை.

17/ ஆனா இன்னொரு உண்மையும் இருக்கு. 2018 ஜனவரி. நங்கா பர்பத்தில் பிரெஞ்சுப் பெண் எலிசபெத் ரெவோல் சிக்கிக்கொண்டார். அப்போது K2-ஐக் குளிர்காலத்தில் ஏறப் போலந்துக் குழு ஒன்று முகாமிட்டிருந்தது. தலைவர்? அதே வியெலிட்ஸ்கி. அங்கிருந்து 4 பேர் ஹெலிகாப்டரில் போனார்கள். அதில் பியெலெட்ஸ்கியும் உருப்கோவும் இரவோடு இரவாக 1000 மீட்டருக்கு மேல் ஏறி ரெவோலைக் காப்பாற்றினார்கள். அவரோடு ஏறிய மட்ஸ்கியெவிச்சைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருடம் K2 அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021-ல் 10 நேபாளிகள் அதை முடித்தார்கள்.

18/ பியாசெட்ஸ்கி 1986-ல் செய்ததும் இவர்கள் 2018-ல் செய்ததும் ஒன்றுதான். உச்சியை விட்டுட்டு ஆளைப் பார்க்கிற பழக்கம். அது மேலே போனபிறகு திடீரென்று வராது. கீழே, சின்ன மலையில், ஒரே கயிற்றில் வருடக்கணக்கில் பழகி வரணும்.

19/ லே, லடாக், எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறவங்க கவனத்துக்கு: போனதும் இரண்டு நாள் ஓய்வு. தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறாதீங்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ ராத்திரியானாலும் இறங்குங்க. தனியா இல்லை, துணையோட.

அந்தத் தம்பி நேத்து மெசேஜ் பண்ணியிருந்தார்: "டாக்டர், நாங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுக்கிட்டோம்."

சந்தோஷமா போயிட்டு வா தம்பி. 🙏