1991: இந்தியாவும் கோலார் தங்கவயலும்

1991 — ஆட்சி மாற்றம், அந்நியச் செலாவணி நெருக்கடி, தலைவர் படுகொலை, மொழிக் கலவரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்த ஆண்டு. சுதந்திர இந்தியா முதன்முறையாகத் தன் கையிருப்புத் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் வாங்கியதும் இந்த ஆண்டில்தான். அந்த ஆண்டைக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகத்தை நடுவில் வைத்து இக்கட்டுரை விவரிக்கிறது. அன்று ஊரிகத்து மக்களின் தொழில் தங்கம் எடுப்பது, வீட்டு மொழி தமிழ், வாழும் மாநிலம் கர்நாடகம். அந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றையாவது தொட்டன.

ஊரிகம்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை ரயில்பாதையில் சாம்பியனுக்கு முந்தைய நிலையம் ஊரிகம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இப்பகுதியில் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து வந்த மக்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், நிலத்துக்குக் கீழே இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சரியும். எத்தனையோ குடும்பங்கள் தலைவனை இழந்தது அப்படித்தான். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் முதலில் வந்து சேர்ந்த இடமும் இந்தத் தங்கவயல்தான்.

எதிர்த்து நிற்கத் தெரிந்த ஊர் இது. 1930-இல் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அயோத்திதாசர் வழிவந்த பௌத்தமும், அம்பேத்கரியமும், பொதுவுடைமையும், திராவிட இயக்கமும் இங்கே தொழிலாளர்களின் லைன் வீடுகளின் திண்ணைகளில் வளர்ந்தன. 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஊரிகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அவற்றை நடத்தியது.

ஆட்சிகளும் ஸ்ரீபெரும்புதூரும்

ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் மு. கருணாநிதியின் தி.மு.க. அரசு 356-ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையைத் தர ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தும் அது நடந்தது. கலைக்கச் செய்த மத்திய அரசும் நீடிக்கவில்லை. ராஜீவ் காந்தியின் வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற தகராறு முற்றி, மார்ச் 6 அன்று பிரதமர் சந்திரசேகர் பதவி விலகினார்.

நாடாளுமன்றத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவு மே 20 அன்று நடந்தது. மறுநாள் இரவு ஸ்ரீபெரும்புதூர் பிரசாரக் கூட்டத்தில் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். எஞ்சிய வாக்குப்பதிவு ஜூன் 12, 15 தேதிகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 21 அன்று பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரானார். ஜூன் 24 அன்று ஜெ. ஜெயலலிதா முதன்முறையாகத் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். கோலார் தனித் தொகுதியில் காங்கிரசின் கே.எச். முனியப்பா வென்றார். 2019 வரை அந்தத் தொகுதி அவர் கையில்தான் இருந்தது.

கொலையைத் திட்டமிட்ட விடுதலைப் புலிகள் குழுவின் சிவராசன், சுபா உள்ளிட்டோர் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்து, ஆகஸ்ட் 20 அன்று அதிரடிப் படை உள்ளே நுழைந்தபோது பிணங்களாகக் கிடைத்தார்கள். குற்றம் சிலருடையது. ஆனால் அந்த மாதங்களில் கர்நாடகத் தமிழர்மேல் விழுந்த பார்வை மாறியது. டிசம்பரில் நடந்ததைப் புரிந்துகொள்ள இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தங்கம் கப்பலேறிய கோடை

குவைத் போரால் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் குறைந்தது. சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான டாலர் மிஞ்சியது. மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன் தங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்தின் வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி, சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றது. அதே ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கையும் நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் பட்ஜெட்டும் ஒரே நாளில் வந்தன.

வீட்டுத் தங்கத்தை அடகு வைப்பதன் அவமானம் தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதல்ல என்பதால், இந்தச் செய்தி மக்கள் மனத்தில் ஆழமாகத் தைத்தது. ஆனால் அடகு போன தங்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குத் தங்கம் எடுத்தவர்களைப் பற்றி நாடு பேசவில்லை. சுமார் 120 ஆண்டுகளில் கோலார் சுரங்கங்கள் தந்தது ஏறத்தாழ 800 டன். அதன் பெரும்பகுதி வெள்ளைக்காரர் காலத்திலேயே லண்டனுக்குப் போயிற்று. விடுதலைக்குப் பிறகும் நீண்ட காலம், உள்நாட்டுச் சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்கே சுரங்கம் தன் தங்கத்தை அரசிடம் ஒப்படைத்தது. அந்தக் கணக்கைச் சேர்க்காமல் இதை நட்டத் தொழில் என்று எழுதுவது நியாயமில்லை.

காவிரி

நீதிபதி சித்ததோஷ் முகர்ஜி தலைமையிலான காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25 அன்று இடைக்காலத் தீர்ப்பு அளித்தது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேரும்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டும், தன் பாசனப் பரப்பை 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் பெருக்கக் கூடாது என்பன அதன் முக்கியக் கூறுகள். முதலமைச்சர் எஸ். பங்காரப்பாவின் அரசு அடங்க மறுத்து, ஜூலை 25 அன்று ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 22 அன்று அந்தச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பர் இரண்டாம் வாரம் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானது.

டிசம்பர் 13 அன்று கர்நாடகத்தில் முழு அடைப்பு. வன்முறை அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. பெங்களூரில் தமிழர்களின் கடைகளும் குடிசைகளும் வண்டிகளும் எரிந்தன. மைசூர், மாண்டியா, கொள்ளேகால் பகுதிகளிலும் அது பரவியது. பல தலைமுறையாகக் கன்னடக்காரர்களோடு பக்கத்துப் பக்கத்தில் உழுத தமிழ் விவசாயிகளின் விளைச்சலும் வீடும் கொள்ளை போயின. அரசுக் கணக்கில் இறந்தவர் 18 பேர். ஆயிரக்கணக்கானோர் ஓசூர், தர்மபுரி, சேலம் பக்கம் ஓடினார்கள். தமிழகத்தின் எல்லைப் பகுதிகளில் கன்னடர்களின் உடைமைகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடிபட்டவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் வழக்கில் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். பெங்களூர் கண்டோன்மென்ட் 1809-இல் உருவான நாள்முதல் அந்த நகரைக் கட்டியவர்களிலும், பின்னி ஆலையில் தறி ஓட்டியவர்களிலும் தமிழர் உண்டு. மாநில அரசே சட்டத்தை மீறும் வழியைக் காட்டிய பிறகு தெருவில் இருந்தவன் அதைப் பின்பற்றினான் என்பதுதான் இந்தக் கலவரத்தின் உண்மையான வரலாறு. முழுப் பழியையும் உழவர்கள்மேல் போடுவது தவறு.

காடும் சுண்டூரும்

நவம்பர் 10 அன்று, சரணடையச் செய்யும் முயற்சியில் இருந்த வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸைக் கோபிநத்தம் பகுதியில் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கொன்றான். சீனிவாஸ் அந்த ஊர் மக்களுக்கு நல்லது செய்தவர், பின்னர் கீர்த்தி சக்கரம் பெற்றவர். தங்கவயல் தொழிலாளர்களில் பெரும்பாலோரைப் போலவே தலித்துகளான எட்டுப் பேர் ஆகஸ்ட் 6 அன்று ஆந்திரத்தின் சுண்டூரில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அம்பேத்கர் நூற்றாண்டு விழா முடிந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை.

சுரங்கத்தின்மேல் விழுந்த கை

ஆண்டின் கடைசி நாட்களில் நடந்த ஒன்று அன்று பெரிய செய்தி ஆகவில்லை. நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பொதுத்துறை நிறுவனங்களும் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் நிறுத்தப்படலாம் என்றானது. அதற்கு அடுத்த ஆண்டே பாரத் கோல்டு மைன்ஸ் அந்த வாரியத்தின் முன் போய் நின்றது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் அப்போது 4 கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது உண்மைதான். ஆனால் மாற்றுத் தொழில் ஒன்றைக்கூட ஊன்றாமல் ஊரின் ஒரே பிழைப்பைப் பிடுங்கியதை அந்த எண் நியாயப்படுத்தாது.

2000 ஜூனில் வாரியம் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஷாஃப்ட்களில் தண்ணீர் நிறைந்தது. சயனைடு மண்மேடுகள் ஊரைச் சுற்றி நின்றுவிட்டன, காற்றடி காலத்தில் அவற்றின் தூசி லைன் வீடுகளுக்குள் வருகிறது. ஊரிகம் நிலையத்திலிருந்து விடியற்காலை ரயிலில், 1991-இல் தங்கள் மொழிக்காரர்களின் கடைகள் எரிந்த அதே பெங்களூருக்கு, ஆயிரக்கணக்கானோர் கூலி வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

1991-இல் தங்கத்தை அடகு வைத்து வாங்கிய கடனை அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியா அடைத்துவிட்டது. 2009 நவம்பரில் ரிசர்வ் வங்கி பன்னாட்டு நாணய நிதியத்திடம் 670 கோடி டாலர் கொடுத்து 200 டன் தங்கம் வாங்கியது. அப்போது ஊரிகத்தின் சுரங்க வாய்கள் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.